பூக்கடை கேசட்டுகள்

என் மனைவி முதுகலை படிக்கப் போவதாகச் சொன்னபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ன படிப்பு என்று கேட்டேன். அமைதியும் பூசலும் என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"அதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"மனுசங்க எதுக்குச் சண்டை போட்டுக்கிறாங்க, எப்படிச் சமாதானம் ஆவுறாங்க, ஏன் சில பேரு கடைசி வரைக்கும் ஆவுறதே இல்ல. அதான் மாமா."

"அதுக்கு யுனிவர்சிட்டி வேணுமா?"

அவள் சிரித்துவிட்டு எனக்கு ரசம் ஊற்றினாள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். மலேசியாவில், கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம். பிறகு துறைமுகக் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை. பிறகு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டு அதிலேயே இருந்துவிட்டேன். அவள் என் தாய்மாமன் மகள். கல்யாணத்தின்போது அவள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்திருந்தாள். முறைமாப்பிள்ளை என்பதால் எனக்குக் கிடைத்தாள். படிப்பை வைத்துப் பார்த்திருந்தால் கிடைத்திருக்க மாட்டாள். இதை யாரும் என்னிடம் சொன்னது கிடையாது. பதினெட்டு வருடமாக நானேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடையில் அவள் தபால் வழியாக ஒரு பட்டம் வாங்கினாள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. புத்தகங்கள் வீட்டுக்கு வந்தன. என் கண் முன்னால் மேசையில் உட்கார்ந்து படித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை பார்த்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அந்த மேசை விளக்கு எரிவது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. முதுகலை அப்படி இல்லை. அது வெளியே இருந்தது. பகலில் பள்ளிக்கூட வேலை, சனிக்கிழமை முழுக்க வகுப்பு. நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் போய் அழைத்து வருவேன். வாசலில் அவள் யாரோடாவது பேசிக்கொண்டு வருவாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். மரியாதைக்காகத்தான் நிறுத்தினார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு நான் கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டவன் போல இருக்கும்.

வேலையிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது.

"சண்டையப் படிக்கணும்னா நம்ம கேன்டீனுக்கு வரச் சொல்லு லா. ரெண்டே நாள்ல பட்டம் குடுத்து அனுப்பிருவோம்" என்றான் ஒருவன்.

"அமைதிக்கு எதுக்குப் புத்தகம்? இவன்தான் வீட்டுல இருக்கானே. வருசத்துக்கு நாலு வார்த்தை பேசுறவன்" என்றான் இன்னொருவன்.

நானும் சேர்ந்து சிரித்தேன். அது உண்மைதான். எனக்குக் கூச்சம் அதிகம். கடையில் சாமானைக் கையால் காட்டி வாங்குகிறவன் நான். தொலைபேசி மணி அடித்தால் அவள் வரும்வரை எடுக்க மாட்டேன்.

அந்தத் தொலைபேசியில்தான் முதல் எரிச்சல் தொடங்கியது. அவளோடு படித்த ஒருவர் வாரத்தில் மூன்று நான்கு முறை அழைப்பார். சுபாங் ஜெயாவில் இருந்தார். ஏதோ கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். அவளைவிட நான்கைந்து வயது இளையவர். வேறு வழியில்லாமல் நான் எடுத்துவிட்டால், "அண்ணே, சிஸ்டர் இருக்காங்களா?" என்பார். குறை சொல்ல முடியாத குரல். அவள் வந்து வாங்கியதும் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். நடுநடுவே சிரிப்பாள். நான் கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவேன். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். சத்தம் தொந்தரவாக இருந்ததால் சாத்தினாள் என்பது எனக்கே தெரியும். ஆனாலும் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாம் வருடம் ஆய்வேடு எழுத வேண்டும். அவள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பூக்கடைகளை எடுத்துக்கொண்டாள். ஒன்று ஐம்பதைக் கடந்த ஓர் அக்காவின் கடை. மற்றது அவருடைய இறந்துபோன கணவரின் தம்பி நடத்தியது. ஒரு காலத்தில் ஒரே கடை. அண்ணன் போனபின் பிரிந்து, நடுவில் நீலத் தார்ப்பாய் கட்டி, மூன்று வருடமாகப் பேச்சில்லை. ஒருமுறை தீபாவளிக்கு முதல் நாள் நடைபாதையை அடைக்கிறது என்று யாரோ புகார் கொடுத்து, மாநகராட்சி அதிகாரிகள் வந்து தம்பியின் மேசையையும் பூக்கூடைகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் புகார் கொடுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணிதான் என்று சந்தேகம், ஆனால் நிச்சயம் இல்லை. அதோடு பகை முற்றிவிட்டது.

"பெரிய பெரிய நாட்டுச் சண்டையெல்லாம் இருக்கையில பூக்கடையா?" என்று கேட்டேன்.

"பெரிய சண்டைய எல்லாரும் எழுதிட்டாங்க மாமா. இதை யாரும் போய்க் கேக்கல."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் வியாபாரம் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து நான் அவளைக் கொண்டுபோய் விடுவேன். ஒரு வாரம் அக்காவிடம், மறுவாரம் தம்பியிடம். பேச்சைத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்துப் படித்துக் காட்டுவாள். நீங்கள் சொல்வது எதுவும் அந்தப் பக்கத்துக்குப் போகாது, வெளியில் யாருக்கும் போகாது, உங்கள் பெயர் வராது, எப்போது வேண்டாம் என்றாலும் நிறுத்திக்கொள்ளலாம். அவர்கள் கையெழுத்துப் போட்டபின் சின்ன ரெக்கார்டரில் கேசட்டைப் போடுவாள். அந்தத் தாளை வீட்டில் அவள் தமிழில் எழுதியபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். பாமர மக்களுக்குப் புரிகிற மாதிரி இருக்கிறதா என்று என்னிடம் படித்துக் காட்டினாள். புரிகிறது என்றேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

எதிர்ச்சாரியில் ஒரு தேநீர்க்கடை. அங்கே உட்கார்ந்து காத்திருப்பேன். தூரத்திலிருந்து பேச்சு கேட்காது, முகம் தெரியும். அக்கா சரம் கட்டிக்கொண்டே பேசுவார். சில நேரம் கட்டுவது நின்றுபோகும். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருப்பாள். தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் அக்கா அழுதார். அப்போதும் அவள் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை. மடியிலிருந்த பூவை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் இருக்கும். எனக்கு டீ ஆறிப்போனது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்: "எதுக்கு அப்படி ஒண்ணும் பேசாம உக்காந்திருக்க?"

"அவங்க நிறுத்தினதும் நான் பேசிடக் கூடாது. உள்ள இன்னும் இருந்தா அதுவா வரும். அதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது."

இத்தனை வருடத்தில் நான் பாதியில் நிறுத்திய வாக்கியங்கள் எத்தனையோ. எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. அவளும்தான். நான் தயங்கினால் மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் முடிப்பாள். அதுவரை அது எனக்கு ஒரு குறையாகப் பட்டதே இல்லை.

எனக்கு மாலை முறை வேலை வரும் வாரங்களில் காலையில் தனியாக இருப்பேன். கேசட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்திருப்பாள். ஒன்று முடிந்ததும் சுபாங் ஜெயாக்காரரிடம் கொடுப்பாள்; அவரிடம் கணினி இருந்தது, கேட்டுத் தட்டச்சு செய்து கேசட்டைத் திருப்பித் தருவார். முதல் இரண்டு சந்திப்புகளுக்கு அவரும் கூட வந்திருந்தார். அவரோடு அவள் எப்படிப் பேசுகிறாள் என்று கேட்கத்தான் நான் டின்னைத் திறந்தேன். வேறு எண்ணம் இல்லை.

அவர் குரல் அதில் இல்லவே இல்லை. இருமல் ஒன்றுதான் கேட்டது. கேட்டதெல்லாம் அந்த அக்காவின் குரலும், என் மனைவியின் "ம்" என்ற சத்தமும்தான். அந்த "ம்" எனக்குப் புதிதாக இருந்தது. அவசரமே இல்லாத, சொல்கிறவரின் தோளில் கை வைத்தது போன்ற ஒரு சத்தம். என் வீட்டில் நான் கேட்டிராத சத்தம். "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு அக்கா?" என்று கேட்கிறாள். பிறகு நீண்ட மௌனம். டேப் சுற்றும் சத்தம் மட்டும். நான் தரையில் உட்கார்ந்து அந்த மௌனத்தையும் கேட்டேன். சுபாங் ஜெயாக்காரர் மேல் இருந்த பொறாமை அன்றைக்கே அளவில் குறைந்து, பூக்கடைக்காரர்கள் இரண்டு பேர் மேலும் போய் ஏறிக்கொண்டது. அதிலிருந்து காலை நேரம் கிடைத்த போதெல்லாம் கேட்க ஆரம்பித்தேன்.

அப்படித்தான் இரண்டு விஷயங்கள் எனக்குத் தெரியவந்தன.

ஒன்று, புகார் கொடுத்தது அக்காதான். "நான்தான் டீச்சர் போய் எழுதிக் குடுத்தேன். மேசைய எடுப்பாங்கன்னு நினைக்கல, சும்மா மிரட்டுவாங்கன்னு நினைச்சேன். அவன் மவளுக்குச் சடங்கு வருது. பூச்சடை நான்தான் தைக்கணும், பெரியம்மா நான்தானே. கூப்பிடாட்டியும் தைச்சு எடுத்துக்கிட்டுப் போவேன். அன்னிக்கு அவன்கிட்ட என் வாயால சொல்லிடுவேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்."

மற்றது தம்பியின் கேசட்டில் இருந்தது. "அண்ணி வராம என் மவ சடங்கு நடக்கிறதா? அந்தப் புள்ளய அவங்கதானே வளத்தாங்க. நானாப் போயி கூப்பிடத்தான் மனசு வரமாட்டேங்குது டீச்சர். பாப்போம். கடைசி வாரத்துல போயி நின்னுடுவேன்னுதான் நெனைக்கிறேன்."

இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். என் மனைவி, தட்டச்சு செய்கிறவர், நான். அவர்கள் இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

சடங்குக்கு ஐந்து வாரம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் அக்காவோடு கடையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். தம்பி கடையை மனைவியிடம் விட்டுவிட்டு தேநீர்க்கடைக்கு வந்தவர், என்னைப் பார்த்ததும் எதிரில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"ஒங்க வீட்டுக்காரம்மா மாதிரி ஒரு ஆள நான் பாத்ததே இல்லண்ணே. மூணு மணி நேரம் பேசுறேன். ஒரு தடவ கூட குறுக்க வரல. என் பொண்டாட்டி கூட இப்படிக் கேட்டது கெடையாது. நீங்க குடுத்து வச்சவரு."

நான் தலையாட்டினேன்.

"வீட்டுலயும் இப்படித்தானா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இல்லை என்று சொல்ல முடியவில்லை. "வீட்டுல இன்னும் அதிகம். எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டா. எல்லாத்தையும் சொல்லிடுவா" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் சிரித்தார். "சும்மா சொல்லாதீங்கண்ணே. அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு தாளுல எழுதிக் குடுத்திருக்காங்க. ஒங்ககிட்டயும்தான் சொல்ல மாட்டாங்க."

இதை அவர் அவளைப் பாராட்டித்தான் சொன்னார். ஆனால் என் காதில் வேறு மாதிரி விழுந்தது. உன் பெண்டாட்டியிடம் நான் சொன்னது உனக்குக் கிடையாது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அங்கே உனக்கு இடமில்லை. அதுவரை வாய் திறக்கவே கூச்சப்பட்ட எனக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் தடங்கலில்லாமல் வந்தது.

"அன்னிக்கு ஒங்க மேசைய எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தது ஒங்க அண்ணிதான்."

இரண்டு ரகசியங்கள் என்னிடம் இருந்தன. அண்ணி உங்கள் மகளுக்குப் பூச்சடை தைக்கப் போகிறார் என்பதையும் நான் சொல்லியிருக்கலாம். அது என் நாக்குக்கு வரவே இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அவரைத் திடுக்கிட வைக்கும் ஒன்று. அவர் கிளாஸை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். அந்தக் கணம் நான் அவளுக்கு எவ்வளவு நெருக்கமானவன் என்று அவர் நம்பிவிட்டார். அது இனித்தது. ஒரு நிமிடம் கூட இருக்காது.

அவர் அப்போதே ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் கிளம்பிய பிறகு போய்க் கேட்டிருக்கிறார். மறுவாரம் நாங்கள் போனபோது தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. அக்காவின் வாளிகளில் இரண்டு உடைந்திருந்தன. என் மனைவி அருகில் போனதும் அக்கா சரம் கட்டும் நாரைக் கீழே போட்டார்.

"வராதீங்க டீச்சர். என் வாயால சொல்றேன்னு சொன்னேன்ல? அதுக்குள்ள வித்துட்டீங்களே."

அவள் விளங்காமல் நின்றாள். தம்பியின் கடையில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு எதிர்ச்சாரியிலிருந்து எல்லாம் தெரிந்தது. அவள் சாலையைக் கடந்து வந்தாள். "போலாம் மாமா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். கேசட்டைக் கேட்டவர் இன்னொருவர்தான் இருக்கிறார். சுபாங் ஜெயாக்காரருக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தக்காரர்கள் உண்டு. யாரிடமாவது வாய் தவறியிருப்பார். தொலைபேசியில் கேட்டாள். அவர் மறுத்தார். அவள் குரல் உயர்ந்தது. அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை. எல்லாம் எனக்குக் கேட்டது, ஆங்கிலமாக இருந்தாலும் விளங்கியது. அதன்பிறகு அவர் அழைப்பது நின்றுவிட்டது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த இரண்டு வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். தொலைபேசி அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். அவள் அழுதாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நம்பி ஏமாந்துட்டேன் மாமா" என்று என் தோளில் சாய்ந்தாள். நான் "ம்" என்றேன். அவளைப் போலவே சொல்லிப் பார்த்தேன். ஆய்வேடு நின்றுபோனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டது என் மனம். இரண்டு வருடம் அவள் இழுத்துக்கொண்டு வந்த படிப்பு அது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் "ம்" சொன்னேன்.

பிறகு அவள் ஒரு கடிதம் எழுதினாள். பேராசிரியருக்கு. அந்த மனிதர் ஆய்வின் ரகசியத்தை வெளியிட்டுவிட்டார் என்று. அவர் படிப்பு போய்விடும், கல்லூரி வேலைக்கும் ஆபத்து வரலாம் என்று அவளே சொன்னாள். "பாவமாத்தான் இருக்கு. ஆனா அந்த அக்கா முகத்த நினைச்சா விட முடியல." சனிக்கிழமை காலை அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு என் மோட்டாரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பாதை உண்டு. ஷா ஆலாம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம். ஏழெட்டு வண்டிகள் நின்றன. ஒரு மலாய்க்காரப் பெரியவர் வண்டியில் உட்கார்ந்தபடி பொட்டலத்திலிருந்து கடலை தின்றுகொண்டிருந்தார். நான் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. இறங்கவும் இல்லை. அவள் எனக்குப் பின்னால் இருந்தாள், அவள் முகம் எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்க்காமல் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.

"அந்தக் கடுதாசியக் குடுக்காத."

"ஏன்?"

"அவரு சொல்லல. நான்தான் சொன்னேன். டின்னத் தொறந்து கேட்டேன். பூக்கடைக்காரருகிட்ட நான்தான்..."

நிறுத்தினேன். அவள் காத்திருப்பாள் என்று நினைத்தேன். உள்ளே இன்னும் இருந்தது. ஏன் கேட்டேன், எதைக் கேட்டேன், அந்த "ம்" என்னை என்ன செய்தது என்பதெல்லாம் இருந்தது. அவள் மௌனமாக இருந்திருந்தால் அன்றைக்கு வந்திருக்கும்.

அவள் வண்டியிலிருந்து குதித்து முன்னால் வந்தாள்.

"என்ன சொன்ன? என்ன சொன்ன நீ?"

இருபது வருடத்தில் என்னை "நீ" என்று சொன்னது அன்றைக்குத்தான். மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "மூளை இருக்கா ஒனக்கு? அந்தம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சு என்கிட்ட! ரெண்டு வாரம் நான் அழுறத உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியே! அந்த மனுசன நான் என்னென்ன பேசிட்டேன்!" நான் வாயைத் திறந்தேன். "பேசாத" என்றாள். தன் தலைக்கவசத்தைத் தரையில் போட்டாள். அது உருண்டு கடலைக்காரரிடம் போனது. அவர் எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். "சபார், சபார்" என்றார், பொறுமையாக இரு என்று. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஊரார் சண்டைக்கெல்லாம் மணிக்கணக்காகக் காது கொடுத்தவள், எனக்கு இரண்டு வாக்கியம் கூடத் தரவில்லை. என் குற்றத்தின் நடுவிலும் எனக்கு அதுதான் வலித்தது. அவர்களாக இருந்தால், அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டிருப்பாள்.

மழை விட்டதும் பல்கலைக்கழகத்துக்குத்தான் போனோம். கடிதத்தைக் கிழித்துவிட்டாள். சுபாங் ஜெயாக்காரரை கேன்டீனுக்கு அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்டாள். நான் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தேன். அவர் நெடுநேரம் பேசினார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம், "பூக்கடைக்கு நான் போய்ச் சொல்ல முடியாது. புருசன் மேல பழியப் போட்டுத் தப்பிக்கிறேன்னு நினைப்பாங்க" என்றாள்.

மறுநாள் நான் தனியாகப் போனேன். எதிர்ச்சாரியில் இருபது நிமிடம் நின்றேன். பிறகு சாலையைக் கடந்து, கிழிந்த தார்ப்பாய்க்கு நேராக, இரண்டு கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். டீச்சர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாமல் நான் கேசட்டைக் கேட்டேன், சொன்னது நான்தான் என்று. பூ வாங்க நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீ வாங்கிக் குடுத்து கேட்டேனாய்யா நான்?" என்றார் தம்பி. "டீச்சர்தான் சொல்லிவிட்டாங்கன்னுல்ல நெனைச்சேன்! எதுக்குய்யா சொன்ன?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணி பூச்சடை தைக்கிறதா இருந்தாங்க. அதையும் சொல்லியிருக்காங்க" என்றேன் கடைசியாக. இனி அதையாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அக்கா கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தார். அடிக்கவில்லை. "அதயும் சொல்லிட்டியா! அது ஒண்ணாவது எனக்குன்னு இருந்துச்சே. நான் போயி நின்னு சொல்ல வேண்டியது. ரெண்டையும் எடுத்துக்கிட்ட." தம்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து பூவை எடுத்துக்கொண்டார். நான் திரும்பி வந்தேன்.

சடங்கு அண்ணி இல்லாமல் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். பூச்சடை செந்தூலிலிருந்து யாரோ தைத்து வந்ததாம். இரண்டு பேருமே தங்கள் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பேராசிரியர் நடந்ததை எல்லாம் கேட்டு, அந்தக் கேசட்டுகளிலிருந்து ஒரு வரியும் எழுதக் கூடாது என்றார். என் மனைவி அவற்றை அவரவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். நான் கூடப் போகவில்லை.

மூன்று மாதம் அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சாப்பிட வாங்க, பில் கட்டணும், கேஸ் தீர்ந்துபோச்சு. மறுபடியும் "நீங்க" வந்துவிட்டது. பாலத்தடியில் கேட்ட "நீ" அதைவிடப் பக்கத்தில் இருந்தது போல எனக்குப் பட்டது.

பிறகு அவள் வேறு ஒரு பூசலை எடுத்துக்கொண்டாள். செராஸ் பக்கம் ஒரு அடுக்குமாடியில் படிக்கட்டுக்காக இரண்டு மாடிக்காரர்கள் போட்டுக்கொண்டிருந்த சண்டை. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அங்கே அவளை நான் கொண்டுபோய் விட வேண்டாம் என்றாள்; பேருந்தில் போய் வந்தாள். முதல் கேசட்டைக் கொண்டுவந்த அன்று, உப்பு வாங்கி வரச் சொல்வது போல, "அலமாரிக்கு ஒரு பூட்டு போடணும்" என்றாள்.

நானே கிள்ளான் டவுனுக்குப் போய் வாங்கி வந்தேன். கடைக்காரர் இரண்டு மூன்று காட்டினார்; கெட்டியானதையே எடுத்தேன். மரத்தில் துளை போட்டுத் தாழ்ப்பாளை முடுக்கினேன். இரண்டு சாவியையும் போட்டுத் திறந்து பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன. அவளைக் கூப்பிட்டு இரண்டையும் கையில் கொடுத்தேன்.

ஒன்றை எனக்குத் திருப்பித் தருவாளோ என்று ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவள் இரண்டையும் கைப்பையில் போட்டு மூடிவிட்டு, சோறு வடிக்கப் போனாள்.